போர்டில் இல்லாத பெயர்

வக்கீல் அலுவலகத்தில் கட்சிக்காரரின் ரகசியத்தை முதலில் கேட்பவர் பெரும்பாலும் வக்கீல் அல்ல, குமாஸ்தாதான். அவர் யார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது? கடல் கடந்து நீதி தேட வேண்டிய அந்தமானில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது.

வக்கீலைத் தேடிப் போகிற யாரும் முதலில் பார்ப்பது வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரைத்தான். வந்த விஷயம் என்ன என்று கேட்பவர் அவர். பத்திரத்தை வாங்கிப் புரட்டுபவர் அவர். கோர்ட் கட்டணம் எவ்வளவு, அடுத்த வாய்தா எப்போது என்று சொல்பவரும் அவரே. வந்தவர் அவரை 'வக்கீல் சார்' என்று கூப்பிட்டால் பெரும்பாலான இடங்களில் யாரும் திருத்துவதில்லை. அவரும் திருத்துவதில்லை, உள்ளே இருக்கிற வக்கீலும் திருத்துவதில்லை.

சாதாரணமாக இதனால் பெரிய தீங்கு எதுவும் வந்துவிடாது. அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு நடைமுறை அத்துபடி. எந்தப் பிரிவில் எந்த மனு, எந்த அலுவலகத்தில் எந்த நகல் என்பதெல்லாம் இளம் வக்கீலைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு நாள் மனு தாக்கல் செய்யும் கெடு தவறிப்போகிறது; அல்லது கொடுத்த பணத்துக்குக் கணக்கு இல்லாமல் போகிறது; அல்லது சொல்லப்பட்ட யோசனை சட்டத்துக்கே பொருந்தாததாக இருக்கிறது. அன்றுதான் கட்சிக்காரர் கேட்கிறார்: இவ்வளவு நாளும் நான் பேசிக்கொண்டிருந்தது யாரிடம்?

தூரமும் மொழியும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்தக் கேள்வி எழுவதற்கான வாய்ப்பு நாட்டின் மற்ற பகுதிகளைவிட அதிகம். காரணங்கள் இரண்டு: தூரம், மொழி.

வடக்கே டிக்லிபூர் முதல் தெற்கே கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே வரை சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு நீதிமன்றத் தலைநகரம் போர்ட் பிளேர். (2024 செப்டம்பரில் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற புதுப் பெயரை மத்திய அரசு அறிவித்தது.) அதற்கு மேல் முறையீடு என்றால் கல்கத்தா உயர் நீதிமன்றம். 1953-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே தீவுகள் அந்த நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்குள் வந்தன. உயர் நீதிமன்றத்தின் சர்க்யூட் பெஞ்ச் போர்ட் பிளேரில் கூடுகிறது. கல்கத்தாவிலிருந்து நீதிபதிகள் முறைவைத்து வந்து வழக்குகளைக் கேட்கிறார்கள். வழக்கறிஞர்களைப் பதிவு செய்வதும் கண்டிப்பதும் மேற்கு வங்க பார் கவுன்சில். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டமே இவ்விரண்டு பகுதிகளையும் ஒரே கவுன்சிலின் கீழ் வைத்திருக்கிறது.

ஆக, வெளித்தீவிலிருந்து கப்பலில் வரும் ஒருவருக்கு வக்கீலைப் பார்ப்பது என்பதே ஒரு பயணம். கப்பல் திரும்பும் நாளுக்குள் காரியம் முடிய வேண்டும். வக்கீலோ கோர்ட்டில் இருப்பார். சில சமயம் கடலுக்கு அப்பால் கல்கத்தாவிலேயே இருப்பார். அலுவலகத்தில் எப்போதும் இருப்பவர் குமாஸ்தா. காகிதங்களையும் பணத்தையும் நம்பிக்கையையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த தகவலும் அவரிடமிருந்தே போனில் வரும்.

இரண்டாவது மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழ்ந்தவர்கள் 3,80,581 பேர். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி, மலையாளம் என்று தாய்மொழிகள் பல. தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவிகிதம். வேலை தேடி வந்தவர்கள், வணிகர்கள், அரசு ஊழியர்கள், இலங்கையிலிருந்து திரும்பி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் என்று அவர்களுக்குள்ளும் பல வரலாறுகள். உயர் நீதிமன்றத்தின் மொழியோ ஆங்கிலம். கட்சிக்காரர் தமிழில் சொல்வது ஆங்கில மனுவாக மாறும் வழியில் யாரோ ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அந்த யாரோ பல நேரங்களில் அலுவலகத்து ஊழியர். 'கொடுத்தேன்' என்பதும் 'கொடுக்க ஒப்புக்கொண்டேன்' என்பதும் வழக்கில் வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம். அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறவர் வக்கீலா, சட்டம் படித்தவரா, படிக்காதவரா என்பது கட்சிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சட்டம் போட்ட கோடு

யார் வக்கீல் என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் 33-ஆம் பிரிவும் சேர்ந்து சொல்வது இதுதான்: பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட வழக்கறிஞரே வழக்கறிஞர் தொழில் செய்யலாம். உரிமை இல்லாதவர் நீதிமன்றத்தில் தொழில் நடத்தினால் 45-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. சட்டப் பட்டம் மட்டும் கையில் இருந்து, பதிவு செய்துகொள்ளாதவரும் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்.

இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வக்கீலின் கையையும் கட்டுகின்றன. வழக்கறிஞர் அல்லாத எவரோடும் கூட்டு வைத்துக்கொண்டு கட்டணத்தைப் பங்கு போட முடியாது. நடத்தை விதிகளில் 37-ஆவது இன்னும் நேராகச் சொல்கிறது: தகுதியற்றவர்கள் சட்டத் தொழில் நடத்துவதற்குத் தன் சேவையையோ பெயரையோ வழக்கறிஞர் பயன்படுத்த விடக் கூடாது. அதாவது 'வக்கீல் சார்' என்ற தவறான அழைப்பைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் வக்கீல், தன் பெயரின் நிழலில் இன்னொருவர் தொழில் நடத்த இடம் கொடுக்கிறாரா என்ற கேள்விக்கு ஆளாகிறார்.

ஆனால் குமாஸ்தாவை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்று விதிகள் சொல்வதில்லை. இந்திய வக்கீல்களின் விளம்பர விதிகள் முழுக்க முழுக்க வக்கீலையே பார்த்து எழுதப்பட்டவை. புகழ்பெற்ற 36-ஆவது விதியின்படி வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்யக் கூடாது. தரகர் வைத்து வழக்குப் பிடிக்கக் கூடாது. பெயர்ப்பலகை நியாயமான அளவில் இருக்க வேண்டும். பலகையிலோ லெட்டர்ஹெட்டிலோ முன்னாள் நீதிபதி என்றோ, சங்கத் தலைவர் என்றோ, இன்னவகை வழக்கில் நிபுணர் என்றோ போட்டுக்கொள்ளக் கூடாது. இந்தக் கண்டிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. பெயரும் விலாசமும் தொழிலும் மட்டும் அச்சிட்டுத் தபால் அட்டை அனுப்பியதையே முறையற்ற விளம்பரம் என்றது பம்பாய் உயர் நீதிமன்றம், 1929-இல். பம்பாயில் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பிடித்திழுத்த வழக்கறிஞர்களின் விவகாரம் 1970-களில் உச்ச நீதிமன்றம் வரை போனது.

2008-இல் ஒரு ஜன்னல் திறந்தது. வழக்கறிஞர்கள் இணையதளம் வைத்துக்கொள்ள பார் கவுன்சில் அனுமதித்தது. ஆனால் அதில் என்னென்ன போடலாம் என்பதற்கு ஒரு பட்டியலையும் கொடுத்தது: பெயர், விலாசம், தொலைபேசி, இ-மெயில், பதிவு எண், பதிவு நாள், எந்த பார் கவுன்சில், எந்தச் சங்கம், கல்வித் தகுதி, எந்தத் துறைகளில் தொழில் என்பவை. தகவல்கள் உண்மை என்று உறுதிமொழியும் தர வேண்டும். நல்ல பட்டியல்தான். அலுவலகத்தில் வேலை செய்யும் மற்றவர்களுக்கு அதில் ஒரு வரி கூட இல்லை.

இரண்டு வகைத் தவறு

வரி இல்லாத இடத்தில் வசதிக்கேற்ற பழக்கங்கள் வளர்கின்றன. அவை இரண்டு எதிரெதிர் திசைகளில் போகின்றன.

முதலாவது, ஊதிக் காட்டுவது. குமாஸ்தாவின் விசிட்டிங் கார்டில் 'லீகல் அட்வைசர்' ஏறுகிறது. பதிவு செய்யாத சட்டப் பட்டதாரி 'அசோசியேட்' ஆகிறார். ஓய்வு பெற்ற வருவாய்த் துறை அதிகாரியோ போலீஸ் அதிகாரியோ முன்னறையில் 'ஆலோசகர்' என்ற பலகையோடு உட்காருகிறார். வழக்கறிஞரே முன்னாள் நீதிபதி என்று போர்டு போட்டுக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கும்போது, முன்னாள் தாசில்தாரின் செல்வாக்கை முன்னறையில் காட்டி வைப்பது விதியின் எழுத்தைத் தொடாமல் அதன் உயிரை எடுக்கும் வேலை. நிலம் சம்பந்தப்பட்ட சிக்கல்களில் இது குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. தீவுகளின் நில விவகாரங்கள் 1966-ஆம் ஆண்டின் தனி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிர்வாகம் ஒதுக்கிய நிலம், அதன் நிபந்தனைகள், அதை மாற்றிக் கொடுப்பதில் உள்ள தடைகள் என்று சாதாரண மக்களுக்குப் புரியாத முடிச்சுகள் பல. 'அந்த ஆபீஸில் எனக்கு ஆள் தெரியும்' என்ற வார்த்தைக்கு அங்கே நல்ல விலை.

இரண்டாவது, ஒளித்து வைப்பது. முப்பது வருடம் உழைத்த குமாஸ்தாவுக்கு அலுவலகத்தில் பெயரே இல்லை. கட்சிக்காரருக்குப் போகும் கடிதத்தில் 'அலுவலகம்' என்று மட்டும் இருக்கும். போனில் பேசியவர் யார் என்று கேட்டால் 'ஆபீஸிலிருந்து' என்பதே பதில். நல்லது நடந்தால் பெருமை வக்கீலுக்கு. கெடு தவறினால் 'குமாஸ்தாவின் கவனக்குறைவு' என்று பிரமாணப் பத்திரத்தில் முதல்முறையாக அவர் தலைகாட்டுவார். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுக்களைப் புரட்டிய எவருக்கும் பழக்கமான வாசகம் இது. நல்ல வேளைகளில் இல்லாத மனிதர், பழி வரும்போது மட்டும் ஆஜராகிறார்.

ஊதிக் காட்டுவது கட்சிக்காரருக்குத் தீங்கு என்பது எளிதில் தெரிகிறது. ஒளித்து வைப்பதும் அதே தீங்கைத்தான் செய்கிறது. பெயரில்லாதவரிடம் கொடுத்த பணத்தை யாரிடம் கேட்பது? பதவி இல்லாதவர் சொன்ன யோசனைக்கு யார் பொறுப்பு? ஊழியருக்கும் இது அநியாயம். தன் வேலைக்குரிய மரியாதையான பெயர் கிடைக்காதவர், கிடைக்கிற போலிப் பெயரை ஏற்றுக்கொள்வதில் ஆச்சரியமில்லை. 'குமாஸ்தா' என்று போடக் கூச்சப்படும் அலுவலகத்தில்தான் 'லீகல் அட்வைசர்' பிறக்கிறார்.

ரகசியம் காப்பவர்

வேடிக்கை என்னவென்றால், போர்டில் இடம் கொடுக்காத சட்ட உலகம் சாட்சியச் சட்டத்தில் குமாஸ்தாவுக்கு மிக உயர்ந்த இடம் கொடுத்திருக்கிறது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோரும் அறிந்த விதி. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 127-ஆம் பிரிவில் அந்தக் கட்டுப்பாட்டை மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வக்கீல்களின் குமாஸ்தாக்களுக்கும் பணியாட்களுக்கும் விரித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டமும் 132-ஆம் பிரிவில் மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, ஊழியர் ஆகியோரை அப்படியே வைத்திருக்கிறது.

இதன் பொருள் பெரியது. தமிழில் ஒருவர் கண்ணீரோடு சொன்னதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர் வழக்கறிஞர் அல்ல என்றாலும், அவர் வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளராகவோ ஊழியராகவோ இருந்தால் அந்த ரகசியத்துக்குச் சட்டத்தின் பூட்டு உண்டு. கோர்ட் வராந்தாவில் ஒட்டிக்கொண்ட தரகரிடம் சொன்னதற்கு அந்தப் பூட்டு இல்லை. எனவே எதிரே இருப்பவர் இந்த வக்கீலின் ஊழியர்தானா என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. கட்சிக்காரரின் பாதுகாப்பே அதில் அடங்கியிருக்கிறது. வழக்கறிஞர் தன் ஊழியரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும்போது இவரிடம் தைரியமாகப் பேசலாம் என்ற உறுதியையும் சேர்த்தே கொடுக்கிறார்.

தரகர் என்ற நிழல்

குமாஸ்தாவைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தாததால் லாபம் அடைபவர் தரகர். நேர்மையான குமாஸ்தாவையும் தரகரையும் வெளியாள் பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. இந்தச் சிக்கல் பழையது. 1879-ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டத்திலேயே தரகர்களின் பட்டியல் தயாரிக்கும் அதிகாரம் இருந்தது. 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கி, அதே அதிகாரத்தை வழக்கறிஞர்கள் சட்டத்துக்குள் 45-ஏ பிரிவாகக் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றங்களும் மாவட்ட நீதிபதிகளும் தரகர் பட்டியலை வெளியிடலாம். பட்டியலில் உள்ளவர் தரகு வேலை பார்த்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

டெல்லியில் ஒரு சங்கம் உடை வழியே விடை தேடியது. 2025 ஜூலையில் ரோகிணி நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் ஓர் அறிவிப்பு ஒட்டியது: குமாஸ்தாக்களும் கட்சிக்காரர்களும் பொதுமக்களும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை அணிந்து நீதிமன்ற வளாகத்துக்கு வரக் கூடாது. தரகர்கள் வக்கீல் போலவும் குமாஸ்தா போலவும் வேடம் போட்டு மக்களை ஏமாற்றுகிறார்கள் என்பது சங்கத்தின் காரணம். கவலை நியாயமானது. ஆனால் வெள்ளைச் சட்டை நாட்டில் கோடிக்கணக்கானோரின் அன்றாட உடை. யார் வக்கீல் அல்ல என்பதைச் சட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்வதைவிட, யார் யார் என்று வக்கீலே எழுதி வைப்பது எளிது.

டிஜிட்டல் வழியிலும் தரகு வந்துவிட்டது. வழக்கறிஞர் சேவையை ஆன்லைனில் விற்கும் தளங்களுக்கு எதிரான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையான தீர்ப்பளித்தது. அத்தகைய தளங்கள் வழியே விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்கு அறிவுறுத்துமாறு இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. தளத்தில் சிரித்த முகத்தோடு 'சட்ட நிபுணர்' என்று தோன்றுபவர் பதிவு பெற்றவரா என்பதை ஒரு சாதாரண வாசகர் எப்படி அறிவார்? தீவிலிருந்து பார்க்கிறவருக்குச் சென்னை, கல்கத்தா வக்கீல் அலுவலகத்தின் வாசல் இன்று செல்போன் திரைதான்.

முன்மாதிரிகள் உண்டு

வழக்கறிஞர் அல்லாதவரை நேர்மையாக அறிமுகப்படுத்துவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 1977-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வக்கீல் விளம்பரத்துக்கு வழி திறந்தது. அதன் பிறகு ஊழியர் பெயர்களும் லெட்டர்ஹெட்டில் ஏறத் தொடங்கின. 1989-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் நெறிக் குழு தந்த விளக்கம் எளிமையானது: வழக்கறிஞர் அல்லாத ஊழியரின் பெயரை லெட்டர்ஹெட்டிலும் விசிட்டிங் கார்டிலும் போடலாம், ஆனால் அவருடைய பதவி படிப்பவரைத் தவறாக நினைக்க வைக்கக் கூடாது. ஊழியரின் நடத்தை வக்கீலின் தொழில் கடமைகளுக்கு இசைவாக இருக்கும்படி மேற்பார்வை செய்வதும் வக்கீலின் பொறுப்பு. விளம்பரத்தில் அமெரிக்கத் தாராளம் இந்தியாவுக்கு ஒத்துவராது என்று வாதிடலாம். பெயரைப் போடு, பதவியை உள்ளபடி போடு என்ற பகுதிக்கு அந்த வாதம் பொருந்தாது.

உள்ளூரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் 'அட்வகேட் ஆன் ரெக்கார்ட்' ஆகப் பதிவு செய்யும் ஒருவர், நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகம் வைத்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதிவு பெற்ற குமாஸ்தா ஒருவரை நியமிப்பதாக உறுதி தர வேண்டும். 2013-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற விதிகளில் உள்ள நிபந்தனை இது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் குமாஸ்தாவை மறைக்கவில்லை. பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்கிறது.

மாநிலங்களும் அங்கீகாரம் கொடுத்திருக்கின்றன. மேற்கு வங்கம் 1997-இல் வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1999-இலும் கேரளம் 2003-இலும் அவர்களுக்கு நல நிதிச் சட்டங்கள் இயற்றின. ஆனால் மாநிலச் சட்டமன்றத்தின் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடும். அந்தமான் யூனியன் பிரதேசம், சட்டமன்றம் இல்லாதது. வக்கீலுக்கு மேற்கு வங்கத்தின் பார் கவுன்சில் கடல் தாண்டி வருகிறது. குமாஸ்தாவுக்கு மேற்கு வங்கத்தின் சட்டம் தானாகக் கடல் தாண்டுவதில்லை.

தீவுவாசிகளுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு முன்மாதிரி உண்டு: சட்ட உதவித் தன்னார்வலர்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் வழக்கறிஞர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமங்களுக்கும் சட்ட உதவி மையங்களுக்கும் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு அடையாள அட்டை உண்டு. உதவி பெறுபவரிடம் பணம் வாங்கக் கூடாது. அவர்களின் வேலை மக்களைச் சட்ட உதவியிடம் கொண்டு சேர்ப்பது, வழக்காடுவது அல்ல. யார், என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்ற மூன்றும் முதலிலேயே தெளிவாகிவிடுகின்றன. அரசுத் திட்டத்தின் சம்பளமில்லாத தன்னார்வலருக்குச் சாத்தியமானது, கட்டணம் வாங்கும் தனியார் அலுவலகத்துக்கு ஏன் முடியாது?

பொறுப்பு எங்கே நிற்கிறது

தவறு நடந்தால் கட்சிக்காரர் எங்கே போவார் என்று பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். குமாஸ்தா மீது பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. அவர் அதன் உறுப்பினரே அல்ல. நுகர்வோர் நீதிமன்றக் கதவும் மூடியிருக்கிறது: வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோசடி என்றால் போலீஸ், நஷ்டம் என்றால் சிவில் வழக்கு. தொழில் ஒழுக்கம் என்றால் மிஞ்சுவது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி வழக்கறிஞர் மீது பார் கவுன்சிலிடம் புகார். அந்த பார் கவுன்சில் இருப்பது கல்கத்தாவில். கடல் வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

ஆகவே சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் வழக்கறிஞரிடமே வந்து முடிகின்றன. பணக் கணக்கும் அப்படியே. கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டியதும், கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டியதும் வழக்கறிஞரின் கடமை என்று பார் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. பணத்தை நேரில் வாங்கியது குமாஸ்தாவின் கையாக இருக்கலாம், கணக்கு வக்கீலுடையது. பொறுப்பு முழுவதும் அவருடையது என்றால், ஊழியரை எப்படிக் காட்டுகிறோம் என்பதும் அவர் பொறுப்புதான்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. ஊழியர் பட்டியலைப் போடுவதே மறைமுக விளம்பரம் ஆகிவிடாதா? பத்துப் பேர் பெயரை அடுக்கினால் பெரிய அலுவலகம் என்ற தோற்றம் வராதா? வரலாம். அதனால்தான் எங்கே, எப்படிப் போடுவது என்பதில் நிதானம் வேண்டும். வாசல் போர்டில் வேண்டாம். இணையதள முகப்பில் படத்தோடு அடுக்கவும் வேண்டாம். மேஜை மேல் ஒரு சிறு பலகை போதும்: பெயர், கீழே 'வழக்கறிஞரின் குமாஸ்தா'. விசிட்டிங் கார்டிலும் அதே வார்த்தை. பதிவு செய்யாத பட்டதாரியானால் 'வழக்கறிஞர் அல்லர்' என்ற குறிப்பு. ரசீதில் பணம் வாங்கியவர் பெயரும், அது எந்த வழக்கறிஞரின் சார்பில் என்பதும். கட்சிக்காரருக்கு அனுப்பும் தகவலின் அடியில் அனுப்பியவர் பெயரும் பதவியும். முதல் சந்திப்பிலோ முதல் தொலைபேசியிலோ வழக்கறிஞரே ஐந்து நிமிடம் பேசி, 'இவர் என் குமாஸ்தா, காகித வேலைகளை இவரிடம் கேளுங்கள், சட்ட யோசனையை என்னிடம் கேளுங்கள்' என்று சொல்லிவிடலாம். அதைக் கட்சிக்காரருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்பது தீவுகளுக்கான கூடுதல் நிபந்தனை.

பார் கவுன்சிலுக்கும் வேலை இருக்கிறது. 2008-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்: அலுவலக ஊழியர்களின் பெயரையும் உண்மையான பதவியையும் கொடுக்கலாம், வழக்கறிஞர் என்று தோன்றும் பட்டங்கள் கூடாது. சர்க்யூட் பெஞ்ச் கூடும் ஊரில் குமாஸ்தாக்களுக்கு ஒரு பதிவேடும் அடையாள அட்டையும் இருந்தால், தரகருக்கும் குமாஸ்தாவுக்கும் உள்ள வித்தியாசத்தை வெளித்தீவு ஆளும் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்.

அதுவரை கட்சிக்காரர் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான். வக்காலத்தில் கையெழுத்துப் போடுமுன் அதில் உள்ள வழக்கறிஞரின் பெயரையும் பதிவு எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள்வது, ஒன்றும் எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது, பணம் கொடுத்தால் ரசீது கேட்பது, மூலப் பத்திரத்தை ஒப்படைத்தால் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குவது ஆகியவை எந்த ஊரிலும் உதவும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பேரிடரால் பாதிக்கப்பட்டோர் போன்றவர்களுக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. 2004 சுனாமியில் உறவுகளோடு பத்திரங்களையும் பறிகொடுத்த தீவுகளில் அந்த உரிமையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சட்ட உதவி எண்: 15100.

இவை எல்லாவற்றையும்விட எளிதானது ஒரு கேள்வி: 'ஐயா, நீங்கள் வக்கீலா?' நேர்மையான குமாஸ்தா இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். 'இல்லை, நான் குமாஸ்தா' என்று அவர் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய அலுவலகத்தில், தைரியமாகப் பத்திரத்தை மேஜை மேல் வைக்கலாம்.